தலைப்பாகையும் புனைபெயரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பேத்துப்பாறையில் ஆற்றிய உரை)



‘பொதுவாழ்வில் சமய அடையாளம்: சீக்கியர் காட்டும் வழி’ என்னும் தலைப்பை எனக்குத் தந்தபோது, தமிழ் விரிவுரையாளர் ஒருத்திக்கு இது எதற்கு என்று செயலாளர் ஐயாவிடம் கேட்டேன். “சங்க இலக்கியத்தைத்தான் எப்போதும் பேசுகிறீர்களே அம்மா” என்றார். மறுக்க இயலவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான் இத்தலைப்புக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருப்பது நினைவுக்கு வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முனைவர் பட்டம் பெற்ற நாள். பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் அன்றைய தமிழக ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அவர்கள் மேடையில் வீற்றிருந்தார். வெண்தாடி, நேர்த்தியாகக் கட்டிய தலைப்பாகை, வேந்தருக்குரிய அங்கி. எங்கள் வரிசையில் இருந்த தோழி ஒருத்தி என் காதோடு ஒரு ‘சர்தார்ஜி’ துணுக்கைச் சொன்னாள். வார இதழ்களில் பக்க ஓரங்களை நிரப்ப அத்தகைய துணுக்குகள் தவறாமல் வந்த காலம் அது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு அடங்குமுன் என் பெயர் அழைக்கப்பட்டது. திருமுழுக்கில் இட்ட பெயரும் தந்தையார் பெயரும் சேர்ந்த முழுப்பெயர். என் கவிதைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவந்த நண்பர்கள் சிலர் அரங்கில் இருந்தனர். அவர்கள் அறிந்தது என் தனித்தமிழ்ப் புனைபெயரை மட்டுமே. மேடைப்படி ஏறும்போது உடம்பு கூசியது. தம் சமயத்தைத் தலையில் அணிந்து ஆயிரம் பேர் முன் இயல்பாக அமர்ந்திருந்த ஒரு முதியவரைப் பார்த்துச் சிரித்த நான், என் பெயர் ஒலித்ததற்கே கூசிப்போய், அவர் கையால் பட்டம் வாங்கினேன்.

சீக்கிய அடையாளத்தின் பிறப்பைத் தமிழர் பலர் பாரதியார் வழியாகவே அறிந்திருக்கிறோம். அவருடைய ‘குரு கோவிந்தர்’ பள்ளி நாள்களில் படித்த நினைவு பலருக்கு இருக்கும். 1699-ஆம் ஆண்டு வைசாகித் திருநாள். ஆனந்தபூரில் கூடிய பெருங்கூட்டத்தின் முன் உருவிய வாளுடன் நின்று பத்தாம் குரு தலை கேட்டார். ஐவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்தனர். ஒருவர் இலாகூர், ஒருவர் துவாரகை, ஒருவர் பூரி, ஒருவர் நம் தெற்கின் வாயிலாகிய பீதர். பிறந்த குலங்களும் வேறு வேறு. அவர்களுக்கு அமுதம் தந்து தீட்சை அளித்த குரு, பின்னர் அவர்கள் முன் பணிந்து, தாமும் அவர்கள் கையாலேயே அதைப் பெற்றுக்கொண்டார். வகுப்பறையில் நாள் கழிக்கும் எனக்கு வாளைவிட இவ்விடமே பெரிதாகத் தோன்றுகிறது. நம் மரபில் இதற்கு இணை தேடினால், சகலாகம பண்டிதராக விளங்கிய அருணந்தி சிவாசாரியார் தம்மினும் இளையவரான மெய்கண்டாரிடம் மாணவரானதைச் சொல்லலாம்.

கேசம், கங்கா என்னும் சீப்பு, கடா என்னும் இரும்பு வளையம், கச்சா என்னும் அரையாடை, கிர்பான் என்னும் குறுவாள் ஆகிய ஐந்தும் தீட்சை பெற்றோருக்கு உரியவை. தலைப்பாகை இவ்வைந்தில் ஒன்றன்று. கேசத்தைக் காக்க வந்தது. ஆடவருக்குச் ‘சிங்’, மகளிருக்குக் ‘கௌர்’ என்று பொதுப்பெயர் இட்டதில் குலப்பெயர் ஒழிய வேண்டும் என்ற நோக்கம் இருந்தது. அந்நோக்கம் முற்றும் நிறைவேறிற்று என்று சொல்ல இயலாது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குருத்வாரா உள்ள ஊர்கள் பஞ்சாபில் இன்றும் உண்டு. முன்மாதிரி பேசும் மேடையில் இதை மறைத்துப் பேசுவது முறையன்று என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இத்தனை வெளிப்படையான கோலம் எதற்கு? சீக்கிய மரபு ஒரு காரணம் சொல்கிறது. 1675-இல் ஒன்பதாம் குரு தேக் பகதூர் தில்லி சாந்தினி சௌக்கில் தலை துணிக்கப்பட்டபோது, கூட்டத்தில் நின்ற சீடர் பலர் தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ள அஞ்சி ஒதுங்கினராம். அதைக் கேள்வியுற்ற மகன் கோவிந்தர், ஒளிய முடியாத ஒரு தோற்றத்தைத் தம் மக்களுக்குத் தர அன்றே உறுதி கொண்டாராம்.

அந்தத் தந்தை எதற்காக உயிர் தந்தார் என்பதையும் கேட்க வேண்டும். காசுமீரப் பண்டிதர்களின் திலகமும் பூணூலும் காக்கப்படவே தில்லிக்குச் சென்றார் என்பது அவர்கள் மரபு. அதே மரபின்படி, குரு நானக் சிறு வயதிலேயே பூணூல் அணிய மறுத்தவர். தம் முன்னோர் வேண்டாமென்று விலக்கிய ஓர் அடையாளத்தை, வேண்டும் என்பவர் அணிந்துகொள்ளும் உரிமைக்காகத் தலை கொடுத்திருக்கிறார். அடையாளம் பற்றிய பேச்சு நம்மிடையே எழும்போதெல்லாம் என் கோயில், என் கொடி, என் ஊர்வலம் என்றே எழுகிறது. அடுத்தவர் நெற்றிக்காக யார் பேசுகிறோம்?

மீண்டும் பர்னாலா அவர்களிடம் வருகிறேன். 1985-இல் பஞ்சாபின் முதலமைச்சரானவர் அவர். 1986 ஏப்ரல் இறுதியில் பொற்கோயில் வளாகத்தில் தீவிரவாதிகள் தனிநாடு அறிவித்தபோது காவல்துறையை உள்ளே அனுப்பினார். சமயத் தலைமை அதைக் குற்றமென்றது. முதலமைச்சர் பதவியில் இருந்தபடியே கோயிலுக்குச் சென்று அடியார்களின் செருப்புகளைத் துடைத்தார். அடுத்த ஆண்டு, பதவியை விட்டிறங்குமாறு அதே தலைமை பணித்தபோது இணங்கவில்லை. சமய விலக்கத்துக்கு ஆளானார். சில திங்களில் ஆட்சியும் போயிற்று. 1988-இல் அகால் தக்தின் முன் மீண்டும் நின்று, விதித்த தண்டனையை ஏற்றுத் தம் மக்களோடு சேர்ந்தார்.

இந்நிகழ்ச்சியைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. முதலமைச்சர் ஒருவர் செருப்புத் துடைப்பது அரசுக்கு இழுக்கு என்பாரும் உண்டு. நான் வேறாகப் பார்க்கிறேன். அரசுக் கடமையில் சமயத் தலைமையின் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. தனிமனிதராக அதன் தண்டனைக்குத் தலை வணங்கினார். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பவுமில்லை, ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவுமில்லை. சமய அடையாளத்தோடு பொதுவாழ்வில் நிற்பவருக்கு இதைவிடக் கடினமான தேர்வு இருக்குமா?

அவர் தமிழகத்திற்கு முதன்முறை ஆளுநராக வந்தது 1990-இல். அன்றைய மத்திய அரசு தி.மு.க. ஆட்சியைக் கலைக்க முற்பட்டபோது, அதற்கு ஏற்ற அறிக்கையைத் தர அவர் மறுத்துவிட்டார். அரசமைப்புச் சட்டம் 356-ஆம் பிரிவில் ‘அல்லது வேறு வகையில்’ என்று பொருள்படும் ஒரு தொடர் இருக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு 1991 சனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. பர்னாலா அவர்களைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் பதவியைத் துறந்தார். கட்சிச் சார்பு எதுவாயினும் இச்செயலைத் தமிழகம் மறக்கவில்லை. 2004-இல் மீண்டும் ஆளுநராக வந்து 2011 வரை இருந்தார். 2017-இல், நாம் பொங்கல் வைத்த சனவரி 14 அன்று, மறைந்தார். தலைப்பாகைதான் அவரை அப்படி உறுதியாக நிற்கச் செய்தது என்று கூற என்னிடம் சான்றில்லை. அடியார் செருப்பைத் துடைத்த ஒருவருக்கு ஆளுநர் மாளிகையை விட்டு இறங்குவது அத்தனை கடினமாக இருந்திராது என்று மட்டும் தோன்றுகிறது.

அடையாளத்திற்கு விலை உண்டு. 1984 நவம்பரில் தில்லித் தெருக்களில் தலைப்பாகையைக் கண்டே ஆள்களைக் கொன்றனர். உயிர் பிழைக்கக் கேசத்தை வெட்டிக்கொண்டவர்கள் பலர். 2001-இல், அமெரிக்கக் கோபுரங்கள் வீழ்ந்த நான்காம் நாள், அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி தலைப்பாகை காரணமாகவே வேறொருவராகக் கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அஞ்சிக் கேசம் களைந்தவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. தில்லிப் படுகொலைக்காக 2005 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டவரும் ஒரு சீக்கியரே. பிரதமர் மன்மோகன் சிங், வெட்கத்தால் தலைகுனிவதாகச் சொன்னார். புண்பட்ட சமூகத்தில் பிறந்தவர், புண்படுத்திய தரப்பின் பொறுப்பைத் தாம் ஏற்றுத் தலை குனிந்தார். அந்தத் தலையிலும் தலைப்பாகை இருந்தது.

கவிஞர்கள் கூடிய அவையில் இரு எழுத்தாளரைச் சொல்லாமல் போகக் கூடாது. குஷ்வந்த் சிங் இறைவனை ஏற்காதவர். எனினும் தாடியையும் தலைப்பாகையையும் இறுதிவரை விடவில்லை. பொற்கோயிலுக்குள் இராணுவம் நுழைந்ததைக் கண்டித்து 1984-இல் பத்மபூஷண் விருதைத் திருப்பித் தந்தார். வேடிக்கை என்னவென்றால், நகைச்சுவைத் துணுக்குகளைத் தொகுத்து நூல் நூலாக வெளியிட்டவரும் அவரே. தம்மைப் பார்த்துத் தாமே சிரிப்பது வேறு, நான் அன்று சிரித்தது வேறு. மற்றவர் அம்ரிதா பிரீதம். சமயப் பணியும் கவிப்பணியும் செய்த தந்தைக்குப் பிறந்து அம்ரிதா கௌராக வளர்ந்தவர், ‘கௌர்’ என்பதை விட்டுவிட்டே எழுதினார். 1956-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். அவரை அடையாளம் துறந்தவர் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அஞ்சி மறைத்ததாகத் தெரியவில்லை. தாம் தேர்ந்த வாழ்வை ஒளிவின்றி வாழ்ந்தார்.

இவையெல்லாம் வடக்கத்திக் கதைகள் என்று யாரும் எண்ண வேண்டா. 2024 மக்களவைத் தேர்தலில் பகுஜன் திராவிடக் கட்சியின் சார்பில் தமிழ்ச் சீக்கியர் எழுவர் தமிழகத்தில் போட்டியிட்டனர். இம்மண்ணில் பிறந்து சீக்கியம் தழுவியவர்கள். எவரும் வெல்லவில்லை. தமிழ் பேசும் தலைப்பாகையை வாக்காளர் முதன்முறை கண்ட தெருக்கள் பல இருந்திருக்கும்.

இனி என் கணக்கு. இருபது வயதில் என் முதல் கவிதையை ஒருவரிடம் காட்டினேன். நல்ல கவிஞர், பெயர் வேண்டா. “கவிதை நன்று. இந்தப் பெயரோடு வந்தால் செபக்கூட்டத் துண்டறிக்கை என்றல்லவா நினைப்பார்கள்?” என்றார். அன்றிரவே புனைபெயர் சூட்டிக்கொண்டேன். தமிழ்ப்பற்று என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேதாசலம் மறைமலையானது தமிழ்ப்பற்று. நான் செய்தது அச்சம்.

இத்தனைக்கும் நான் படித்தது எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. வைணவக் குடியில் பிறந்து கிறித்தவரான அவர், புதுச் சமயத்தின் பெயரை முதலெழுத்துகளாகவும் பழைய பெயரை முழுதாகவும் வைத்துக்கொண்டார். இரண்டும் ஒரு பெயரில் ஒருங்கிருந்தன. வகுப்பில் ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இதழுக்கு என் கவிதையைப் புனைபெயரில் அனுப்புவேன்.

என் தந்தையார் சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். என் கவிதை முதலில் அச்சேறிய இதழை நானே அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மெல்லப் புரட்டினார். “உன் கவிதை இதுல வரலையேம்மா?” என்றார். பக்கத்தைக் காட்டினேன். கவிதையைப் படித்தார், நன்றாயிருக்கிறது என்றார். பெயரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

விழா மலரில் இவ்வுரையை எந்தப் பெயரில் அச்சிடுவது என்று செயலாளர் ஐயா காலையில் கேட்டார்கள். இரண்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எது முன், எது பின் என்பதில் இன்னும் தயக்கம் இருக்கிறது. மெய்ப்பு வரும்போது சொல்லிவிடுகிறேன் ஐயா. மாலை ஐந்தாகிவிட்டது, தோட்டத்துப் பக்கம் யானை இறங்கும் நேரம் என்று பின்வரிசையில் கைகாட்டுகிறார்கள்.