சர்க்கரையில்லாக் குளிர்பானம்: நன்றா, தீதா?

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

திருமண வீடுகளிலும் விழாப் பந்தல்களிலும் இக்காலத்தில் ஒரு காட்சியைக் காணலாம். நீரிழிவு உள்ள பெரியவர் ஒருவர் பந்தியில் பாயசம் வேண்டாமெனக் கைகாட்டி மறுக்கிறார். அவர் எழுந்து வந்ததும் பெயரன் ஒரு குளிர்பானக் குப்பியை நீட்டி, "இதில் சர்க்கரையே இல்லை தாத்தா, தாராளமாகக் குடிக்கலாம்" என்கிறான். அருகில் நிற்கும் மற்றொருவர், "அதைத் தொடாதீர்கள், புற்றுநோய் வருமாம்" என்று தடுக்கிறார். பெரியவர் குப்பியைக் கையில் பிடித்தபடி திகைத்து நிற்கிறார். இவ்விருவருள் யார் சொல் மெய்? அதனை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் இப்பானம் பிறந்த வரலாற்றை அறிதல் நன்று. 1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்னும் வேதியியலறிஞர், உணவருந்தும்போது தம் கையில் ஒட்டியிருந்த ஒரு பொருள் மிகுதியாக இனிப்பதை உணர்ந்தார். சாக்கரின் எனப்படும் செயற்கை இனிப்பு இவ்வாறே வெளிப்பட்டது. பின்னர் 1952இல், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பானத் தொழில் நடத்திய ஹைமன் கிர்ஷ், மருத்துவமனையிலிருந்த நீரிழிவு நோயாளிகளை மனத்திற்கொண்டு 'நோ-கால்' என்னும் சர்க்கரையற்ற பானத்தை உருவாக்கினார். நோயாளிக்கென்று பிறந்த அப்பானவகை, சில ஆண்டுகளிலேயே உடல் மெலிய விரும்புவோருக்கான விற்பனைப் பொருளாக மாறியது. 1963இல் 'டாப்', 1982இல் 'டயட் கோக்' என அடுத்தடுத்துச் சந்தைக்கு வந்தன.

ஐயங்களும் உடன் வளர்ந்தன. சைக்ளமேட் என்னும் இனிப்பை அமெரிக்கா 1969இல் தடை செய்தது. வேறு பல நாடுகள் அதனை இன்றும் அனுமதிக்கின்றன. 1977இல், மிகுந்த அளவில் சாக்கரின் ஊட்டப்பெற்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கண்டதால், அப்பொருள் கலந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் பொறிக்க அமெரிக்கச் சட்டம் பணித்தது. எலியின் சிறுநீரில் இயல்பாகவே மிகுந்துள்ள சில பொருள்களோடு சாக்கரின் சேர்ந்து படிவு உண்டாக்கியதே அந்நோய்க்குக் காரணம் என்றும், மனித உடலில் அவ்வாறு நிகழ்வதில்லை என்றும் பின்னர் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. விலங்கின் உடலில் கண்டதனைத்தும் மனிதனுக்கும் பொருந்துமென்று கொள்ளலாகாது என்னும் பாடத்தை இவ்வரலாறு கற்பித்தது.

இன்று பெரிதும் பேசப்படுவது அஸ்பார்டேம். 1965இல் கண்டறியப்பட்ட இது, சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்புடையது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இதனைப் 'புற்றுநோய் விளைவிக்கக் கூடியதாக இருக்கலாம்' என்னும் 2பி பிரிவில் வைத்தது. பந்தலில் தடுத்தவர் கேள்வியுற்றது இச்செய்தியையே. ஆயின் அதே நாளில் வெளியான மற்றோர் அறிக்கையை அவர் அறிந்திலர். உணவுச் சேர்பொருள்களை ஆராயும் வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்னும் பழைய வரம்பை மாற்ற வேண்டியதில்லை என அறிவித்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இவ்வரம்பைக் கடக்க, நாள்தோறும் 9 முதல் 14 குப்பிகளுக்கு மேல் அருந்த வேண்டும்.

இவ்விரு தீர்ப்புகளும் முரண்பட்டவை அல்ல. கிணற்றில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்பது ஒரு செய்தி; அவ்வழியே நடப்பவர் விழுவாரா என்பது வேறொரு வினா. முன்னதற்கு முகமை விடை கூறியது. பின்னதற்குக் குழு விடை கூறியது. 2பி பிரிவில் ஆசிய மரபுவழி ஊறுகாய் வகைகளும் இடம்பெற்றுள்ளன என்பதையும் நினைவிற்கொள்ளல் தகும். எனினும், ஃபினைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உடையோர் அஸ்பார்டேமை அறவே விலக்க வேண்டும்.

அவ்வாறாயின் பெயரன் சொன்ன 'தாராளமாக' என்னும் சொல் சரியோ? அதுவும் அன்று. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் பொருட்டுச் செயற்கை இனிப்புகளை நாடவேண்டா என அறிவுறுத்தியது. அவற்றை நெடுங்காலம் உட்கொள்வோரிடம் நீரிழிவும் இதயநோயும் சற்று மிகுதியாகக் காணப்படுவதை ஆய்வுகள் சுட்டின. முன்னரே உடல் பருத்தோர்தாம் இப்பானங்களை நாடுகின்றனர். ஆதலின் எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. இவ்வறிவுரை, ஏற்கெனவே நீரிழிவு உள்ளோரைக் கருதிக் கூறப்பட்டதன்று என்பதும் குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என 2023இல் வெளியான தேசிய ஆய்வு காட்டியமையால், இவ்வேறுபாடு இங்குப் பல குடும்பங்களுக்கு உரியதாகிறது.

பல்லின் நிலையும் கருதத்தக்கது. சர்க்கரையை நீக்கினாலும் பானத்திலுள்ள பாஸ்பாரிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் நீங்குவதில்லை. நாள் முழுதும் சிறிது சிறிதாக உறிஞ்சுவோரின் பற்சிப்பியை அவை அரிக்கும். 'சர்க்கரை இல்லை' என்பது 'கேடு இல்லை' என்பதற்கு ஈடாகாது.

அங்ஙனமாயின் முடிவு யாது? 'இது தீயதா' என்று மட்டும் வினவினால் விடை கிடைக்காது. 'எதனோடு ஒப்பிட' என்றும் வினவ வேண்டும். சர்க்கரை கலந்த கோலா 330 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 35 கிராம், அதாவது ஏழு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளது. அதனை விடமுடியாத நீரிழிவு நோயாளிக்கு, அதனினும் இது குறைந்த தீங்குடையது. தண்ணீரோடும் மோரோடும் ஒப்பிட்டாலோ, இதனால் உடலுக்குக் கிட்டும் நன்மை ஒன்றுமில்லை. பழக்கமே இல்லாத குழந்தைக்கு இதனைப் பழக்குவதற்குக் காரணமும் இல்லை.

குப்பியில் இல்லாத தீங்கு ஒன்றும் உண்டு. 'பானத்தில் சர்க்கரை இல்லையே' என்னும் நிறைவில் மேலும் ஒரு ஜாங்கிரியை எடுக்கும் கை அது. பொருள் மாறினாலும் நாவின் வேட்கை மாறாதிருப்பின், கணக்கு நேராகிவிடும். இனிப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு அதற்கும் பழகும். சர்க்கரையின்றித் தேநீர் அருந்தப் பழகியோர் இதனை அறிவர்.

இல்லத்தார் செய்யத்தக்கவை எளியவை. வாங்குமுன் உறையைப் படிக்க வேண்டும்: அங்கு 950 என்றிருப்பின் அசிசல்பேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ் எனக் கொள்க. விருந்து நடத்துவோர் வண்ணக் குப்பிகளுக்கு முன்பாக, வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த நீரையும், சீரகம் இட்ட மோரையும், சர்க்கரையில்லா எலுமிச்சை நீரையும் கண்ணிற்படும் இடத்தில் வைத்தல் வேண்டும். எளிதில் எட்டுவதையே கை எடுக்கும்.

பந்தலில் திகைத்து நின்ற பெரியவரிடம் திரும்புவோம். ஒரு குப்பி அவரைக் கொல்லாது. அது அவருக்கு மருந்துமாகாது. தடுத்தவர் அச்சத்தைப் பெருக்கினார். பெயரனோ எச்சரிக்கையைக் குறைத்தான். அவன் அன்பு மெய்யானது. அவ்வன்பு அடுத்த விழாவில் ஒரு குவளை மோராக வருமாயின், தாத்தா ஐயமின்றி அருந்துவார்.