ஆண்டறிக்கையில் சேர வேண்டிய ஒரு கணக்கு

இன்று இறையியல் பட்டம் பெறும் அன்புத் தம்பி தங்கைகளே!

இன்னும் சில வாரங்களில் உங்களில் பலர் ஏதாவது ஒரு சேகரத்தில் பொறுப்பேற்பீர்கள். முதல் ஆண்டு முடியும்போது சபைக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பீர்கள். ஞானஸ்நானம் இத்தனை, திடப்படுத்தல் இத்தனை, பண்டிகைக் காணிக்கை இவ்வளவு, கட்டட நிதி இவ்வளவு என்று வரிசையாக வரும். அதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் வாங்கும் கையாக மட்டும் இருந்தவர்களில் எத்தனை பேர் ஆண்டு முடிவில் கொடுக்கும் கையும் ஆனார்கள்? சபை வளர்ந்ததா என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும்.

தோர்ணக்கல் திருச்சபையின் வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் இது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் நெல்லைக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது முன்நின்றவர். இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம், இந்தியரின் உழைப்பு என்பதே அந்தச் சங்கத்தின் உறுதி. பனைமரத்தையும் வானம் பார்த்த பூமியையும் நம்பிப் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த சபைகள், நிஜாம் ஆட்சியில் இருந்த, தெலுங்கு பேசும் ஊரான தோர்ணக்கலைத் தங்கள் முதல் ஊழியக் களமாக எடுத்துக்கொண்டன. பிறர் அனுப்பிய உதவியால் பள்ளியும் ஆலயமும் பெற்ற மக்கள், இரண்டு மூன்று தலைமுறைக்குள் மற்றவருக்கு அனுப்புகிறவர்கள் ஆனார்கள்.

அசரியா தாமே அங்கு ஊழியத்துக்குப் போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல் திருமண்டலத்தின் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல்முறை. அவர் பொறுப்பில் வந்த சபையாரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்துக் கூலி விவசாயிகள்; சொந்த நிலமில்லாதவர்கள், தீண்டாமையைச் சுமந்தவர்கள். இவர்களிடம் போய்க் காணிக்கை கேட்கலாமா?

அசரியா கேட்டார். கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஏழையிடம் எதுவும் கேட்காமலிருப்பது இரக்கம்போலத் தோன்றும். ஆனால் ‘உன்னால் ஆவது ஒன்றுமில்லை’ என்ற பழைய தீர்ப்பையே அது மறுபடியும் எழுதிவிடும். சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா கேட்டது அவளுடைய கடைசிப் பிடி மாவைத்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். காணிக்கை மட்டுமல்ல, சாட்சியும் கேட்டார் அசரியா: தோர்ணக்கலில் ஆண்டுதோறும் நடந்த சாட்சி வாரத்தில், எழுத்தறியாத கிராமத்தாரும் பக்கத்து ஊர்களுக்குப் போய்த் தங்கள் வாழ்வில் நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். அசரியாவின் துணைவியார் அன்பு மரியம்மாள் பெண்களைப் பயிற்றுவிக்கும் பணியில் உடன் உழைத்தார். 1930களின் நடுவில் அந்தத் திருமண்டலத்தில் சுமார் 250 இந்தியக் குருமார்களும், 2,000க்கும் அதிகமான கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். மருந்தகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகங்களும் எழுந்தன. இந்த மக்களிடம் ஏற்பட்ட மாற்றத்தைப் பார்த்தே பிற சாதியாரும் திருச்சபையைத் தேடி வந்தார்கள்.

மிசோரம் மலைகளிலும் இதே உண்மையைக் காணலாம். 1910 முதல் அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் திருச்சபைக்கென்று எடுத்து வைக்கின்றன. கையில் காசு புழங்காத பெண்களும் கொடுக்க வழிசெய்த வழக்கம் அது. ஓரிரு ஆண்டிலேயே மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பெரும் பஞ்சம் வந்தது. வழக்கம் அழியவில்லை, இன்றும் நடக்கிறது. நம் தென்மாவட்டச் சபைகளின் கைப்பிடி அரிசியும் இந்த வகைதான். செல்வந்தர் ஒருவர் தரும் லட்சம் அவரோடு நின்றுவிடலாம். ஆயிரம் அடுப்படிகளில் எடுத்து வைக்கும் பிடி அரிசி தலைமுறை தாண்டியும் வரும்.

ஆகவே, உங்களிடம் நான் வேண்டுவது சில. புதிய ஊரில் திட்டம் தீட்டுவதற்கு முன் தெருத் தெருவாக நடந்து போங்கள். ஆலயத்தைச் சுற்றி வாழும் எல்லா மதத்து மக்களிடமும் அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். மாலைநேர வகுப்பு தேவையென்றால், சபையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை ஆசிரியராக்குங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குத் துணை தேவையென்றால், சென்ற ஆண்டு உதவி பெற்ற வீட்டாரையே முதலில் அழையுங்கள். உதவி வாங்குகிறவரை நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். நாளை அவர் கொடுக்கவும் எழுந்து வர வேண்டியவர். எந்த உதவியையும் மதம் மாறுவதற்கான விலையாக்காதீர்கள். வந்த காசு, செலவான காசு இரண்டையும் எல்லாரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு தெளிவாக இருந்தால் ஏழையும் நம்பிக் கொடுப்பார்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பெரிய தொகை கேட்பவரின் பெயர் தானாகவே ஒலிபெருக்கியில் வந்துவிடும். ஒரு முருங்கைக்காய்க் கட்டைக் கொண்டுவந்து வைத்த மூதாட்டியின் பெயரை நீங்கள்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்காகவே உங்களைக் குருவாக அனுப்புகிறோம்.

இன்று உங்கள் கைக்குப் பட்டம் வந்திருக்கிறது. உங்கள் சேகரத்தில் தம்மால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கும் ஒவ்வொருவரையும் ‘என்னாலும் முடியும்’ என்று சொல்ல வையுங்கள். அப்படி ஒருவராவது எழுந்த ஆண்டை, வளர்ந்த ஆண்டு என்று அறிக்கையில் தைரியமாக எழுதுங்கள். ஆண்டவர் உங்கள் ஊழியத்தை ஆசீர்வதிப்பாராக.