பிரான்காச்சோ கேட்ட பள்ளிக்கூடம்

இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவு. அதன் தலைநகரம் பலெர்மோ. அந்த நகரத்தின் ஓரத்தில் பிரான்காச்சோ என்று ஒரு பேட்டை. உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி கூடக் கிடையாது. தொடக்கப் பள்ளியை முடித்த பதினொரு வயதுப் பிள்ளை மேலே படிக்க வேண்டுமானால் வேறு பகுதிக்குப் போக வேண்டும். போகாத பிள்ளைக்குத் தெருதான். அந்தத் தெருவோ மாஃபியாவின் பிடியில் இருந்தது.

அந்தப் பேட்டையிலேயே 1937-இல் பிறந்தவர் பினோ புலீசி. அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா துணி தைப்பவர். பாதிரியாரான புலீசி, பள்ளிகளில் கணிதமும் சமயமும் கற்பித்த ஆசிரியரும்கூட. 1990-இல் பிரான்காச்சோவின் பங்குத்தந்தையாகத் திரும்பி வந்தார். ஹாசோன் தெருவில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலவறைகள் குற்றக் கூட்டத்தின் கையில் இருந்தன. அவற்றை மீட்க வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு நடுநிலைப் பள்ளி வேண்டும் என்று குடியிருப்போர் குழு நகராட்சியிடம் கேட்டது. புலீசி அவர்களோடு நின்றார். குழுவைச் சேர்ந்தவர்களின் வீட்டுக் கதவுகளுக்கு மாஃபியாக்காரர்கள் தீ வைத்தார்கள். 1993 செப்டம்பர் 15, புலீசியின் 56-ஆவது பிறந்தநாள். அன்று இரவு அவர் வீட்டு வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் கேட்ட பள்ளி 2000-இல் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேயர்களே, ஒரு பேட்டைக்குள் ஒரு நடுநிலைப் பள்ளி வருவதை ஒரு கூட்டம் ஏன் வெறுக்க வேண்டும்? பிள்ளைகள் கைநழுவிப் போவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்று நான் நினைக்கிறேன். அதைச் சொல்ல, உங்களை அந்த வயதுப் பிள்ளைகளின் அறிவியல் வகுப்புக்கு அழைத்துப் போக வேண்டும்.

இத்தாலியில் நடுநிலைப் பள்ளி மூன்று ஆண்டு. பதினொரு வயதில் தொடங்கிப் பதினாலில் முடியும். 1962-இல் வந்த சட்டம்தான் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக்கியது. அதற்கு முன்பு வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு பாதையிலும், உழைப்பாளி வீட்டுப் பிள்ளை தொழில் பழகும் பாதையிலும் பிரிந்து போனார்கள். கணிதத்தையும் அறிவியலையும் அங்கே ஒரே ஆசிரியர் நடத்துகிறார். இது நல்ல ஏற்பாடு. காலையில் படித்த விகிதக் கணக்கு, அடுத்த மணியில் அடர்த்தியாக உருமாறி வந்து நிற்கும்.

முதலில் வருவது அளவீடு. நம் தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமும் அதுதான். பெரியவர்கள் பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். ஐந்து பிள்ளைகளிடம் ஒரே மேசையை அளக்கச் சொல்லிப் பாருங்கள். ஐந்து விடை வரும். எது சரி? வகுப்பில் பலசாலி சொன்னதா, முதல் மாணவி சொன்னதா? இரண்டும் செல்லாது. மறுபடி அளக்க வேண்டும். அளவுகோலின் விளிம்பு எங்கே வைக்கப்பட்டது, கண் எங்கிருந்து பார்த்தது என்று விசாரிக்க வேண்டும். பிறகு சராசரி எடுக்க வேண்டும். யார் சொன்னார் என்பதை விட்டுவிட்டு, எப்படித் தெரிந்தது என்று பிள்ளை கேட்கப் பழகும் இடம் இது.

அடுத்து வெப்பம். தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியர். நாற்பது, அறுபது, எண்பது என்று ஏறுகிறது. நூறு டிகிரியை ஒட்டிப் போய் நின்றுவிடுகிறது. அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. அப்படியானால் அந்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது? பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இந்தக் கேள்வியில் சிக்க வேண்டும். நீரை ஆவியாக்கவே அத்தனை வெப்பமும் செலவாகிறது என்ற விடையை ஆசிரியர் உடனே சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகள் கொஞ்சம் திணறட்டும். தவறான விளக்கங்களைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பிறகு கலவையைப் பிரித்தல். பலெர்மோவுக்கு மேற்கே திராப்பானி கடற்கரையில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் உப்பளங்கள் இருக்கின்றன. நமக்குத் தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கின்றன. உப்பு நீரில் மிதக்கும் முட்டை நல்ல தண்ணீரில் ஏன் மூழ்குகிறது என்ற கேள்விக்கு விடை மிதப்பு விதியில் இருக்கிறது; அதைக் கண்ட ஆர்க்கிமிடீஸ் அதே சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்துக்காரர். அடுத்து மின்சாரம். ஒரு மின்கலம், இரண்டு கம்பி, ஒரு சின்ன பல்பு. சுற்று முழுமையானால்தான் எரியும். யாருடைய சிபாரிசுக்கும் அது எரியாது.

பலெர்மோவுக்கு அறிவியலில் பெரிய பாரம்பரியம் உண்டு. வேதியியலர் கன்னிட்சாரோ 1826-இல் அந்நகரில் பிறந்தவர். அணு எடைகளைப் பற்றி ஐரோப்பிய வேதியியலர்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு குழம்பிக் கிடந்த காலம். மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் முறையை விளக்கி அவர் 1858-இல் வெளியிட்ட ஒரு சிறு நூல், 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் நடந்த வேதியியலர் மாநாட்டுக்கு வந்தவர்களின் கைக்குப் போனது. அந்தக் குழப்பம் தெளிய அதுவே வழி செய்தது. அந்த மாநாட்டில் இருந்த மெண்டலீவ், 1869-இல் தனிம அட்டவணையை வெளியிட்டார். வகுப்பறைக்காகப் பிறந்த தெளிவு உலகத்தின் அறிவியலையே நேராக்கியது.

புலீசி பிறந்த அதே 1937-இல், பலெர்மோ பல்கலைக்கழகத்தில் செக்ரே, பெர்ரியர் என்ற இரு அறிவியலர்கள் 43-ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மாலிப்டினத் தகட்டில் அது கிடைத்தது. இன்று மருத்துவமனைகளில் எலும்பையும் இதயத்தையும் படம் பிடிக்க உதவும் டெக்னீசியம் அதுதான். அதே நகரத்தில்தான், அரை நூற்றாண்டுக்குப் பிறகும், ஒரு பேட்டைப் பிள்ளைகளுக்கு அறிவியல் படிக்கப் பக்கத்தில் பள்ளி இல்லாமல் இருந்தது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் சொல்லவந்த இன்னொரு காரணம் இதுதான். பயத்தை நம்பி ஆள்பவர்கள், தாங்கள் சொன்னதை யாரும் சரிபார்க்கக் கூடாது என்று நினைப்பவர்கள். அறிவியல் வகுப்போ, சரிபார்க்காமல் எதையும் ஏற்காதே என்று பதினொரு வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறது.

பலெர்மோவில் இன்று நம் ஈழத்தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. பெல்லெக்ரீனோ மலைக்கோயிலுக்குப் புனித ரோசாலியாவை வணங்க ஏறிப்போகும் அவர்களைச் சிசிலிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்த நடுநிலைப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

அங்கே இருக்கும் பெற்றோருக்கும் இங்கே இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் இருந்தால், அறிவியலில் எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு எதை அளந்தாய் என்று கேளுங்கள். எதையும் அளக்கவில்லை, எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதினோம் என்று பிள்ளை சொன்னால், பள்ளிக்குப் போய்ப் பணிவாகவும் உறுதியாகவும் ஆசிரியரிடம் பேசுங்கள். ஆசிரியர்களே, அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் தராசையும் வெப்பமானியையும் வெளியே எடுங்கள். உடைந்தால் உடையட்டும்; அவை பிள்ளைகளின் கைக்குப் போகட்டும்.