விசாகப்பட்டினத்தின் மணற்கணக்கு

கொல்கத்தாவிலிருந்தும் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் சென்னை நோக்கி வரும் நம்மவர் அறிந்த ஊர் விசாகப்பட்டினம். 1953ஆம் ஆண்டு வரையில் சென்னையோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர் அது. அதன் துறைமுகத்தைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

நமது கிழக்குக் கடற்கரையில் கப்பல்கள் ஒதுங்குவதற்கு இயற்கையான புகலிடங்கள் மிகச் சில. விசாகப்பட்டினத்திலோ ஒரு குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு டால்பின் மூக்கு என்றே பெயர். அக்குன்றின் மறைவில் மேகாத்ரி கெட்டா என்னும் ஓடை சதுப்பு நிலமாகப் பரந்து கடலோடு கலந்துவந்தது. (கெட்டா என்றால் அப்பகுதித் தெலுங்கில் ஓடை என்றே பொருள்.) அந்தச் சதுப்பைத் தோண்டி உட்துறைமுகம் அமைத்து 1933இல் திறந்தனர். ராய்ப்பூரிலிருந்து வந்த இருப்புப் பாதை மாங்கனீஸ் தாதுவைக் கொணர்ந்தது. 1948இல் இங்குக் கட்டப்பட்ட 'ஜல உஷா' என்னும் கப்பலை நேரு அவர்கள் நீரில் இறக்கிவைத்தார். பின்னர் பைலாடிலா மலைகளின் இரும்புத் தாது ஜப்பானுக்குப் போகத் தொடங்கியது. பெருங்கப்பல்கள் குறுகிய கால்வாயில் நுழைய இயலாமையால், குடாவிலேயே அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பி 1976இல் வெளித்துறைமுகம் கண்டனர்.

இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆயினும் நம் மனத்தைக் கவர்வது மணலின் கதையே. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் அலைகள் கரையைச் சாய்வாக மோதி, மணலை வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது சிறிது திரும்பி வருகிறது. ஆனால் போவதே மிகுதி. இடையில் ஒரு சுவர் எழுந்தால் தெற்கே மணல் குவியும். வடக்கே கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் மெரினா விரிந்ததையும் இராயபுரம் கரைந்ததையும் நம்மில் மூத்தவர் அறிவர். விசாகப்பட்டினத்தைக் கட்டியோரும் இதை அறிந்திருந்தனர். ஆகவே பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து, கால்வாயின் வாயிலுக்குத் தெற்கே தடுப்பாக வைத்தனர். அங்குத் தேங்கும் மணலை வாருவது அன்று தொடங்கி ஓயாத வேலை.

வாரிய மணலை ஆழ்கடலில் கொட்டினால் துறைமுகத்துக்குக் குறைவில்லை, நகரத்துக்குத்தான் நட்டம். வடக்கேயுள்ள இராமகிருஷ்ணா கடற்கரைக்கு அதைக் குழாய் வழியே அனுப்புவதே முறை. அனுப்புவது தவறினால் கரை சுருங்குகிறது. 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் தாக்கிய பின் அங்குச் சாலையோரம் வரை கடல் அரித்தது. மாலையில் உலாவ வருவோருக்கு அது ஒரு வருத்தம்; அவ்வளவே. அதற்கப்பால் பெத்த ஜாலாரிப்பேட்டை மீனவருக்கோ படகைக் கரையேற்றவும் வலையை உலர்த்தவும் மணல் வேண்டும். தாதுக் கப்பலின் வரவைத் துறைமுகம் டன் கணக்கில் எழுதி வைப்பதுபோல, வடக்கே அனுப்பிய மணலையும் ஆண்டுதோறும் எழுதி ஊராருக்கு அறிவித்தல் நலம் என்பது நம் கருத்து.

அவ்வழி செல்ல நேரும் நேயர்கள் இராமகிருஷ்ணா கடற்கரையில் ஒரு மாலை இறங்கிப் பாருங்கள். காலடியில் உள்ள மணலில் பெரும்பகுதி துறைமுகத்தின் வாயிலில் வாரப்பட்டு வந்ததாகவே இருக்கக்கூடும்.