மிளகும் மிளகாயும்

யாழ்ப்பாணத்து வீடொன்றிலே ஒடியற் கூழ் காய்ச்சியிருக்கிறார்கள் என்று கொள்வோம். பிளாவிலே ஊற்றிய கூழை வீட்டார் நெற்றி வியர்க்க, மூக்கு நீரொழுகச் சுவைத்துப் பருகுகின்றனர். கொழும்பிலே பிறந்து வளர்ந்த புது மருமகனோ இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறார். அவ்வளவுதான், "உறைப்புத் தின்னத் தெரியாத பிள்ளை" என்று பெயர் சூட்டப்பட்டுவிடும். அப்பெயர் எளிதில் அழிவதில்லை. முன்னோர் உண்டதை உண்ணமாட்டாதவர் நம்மவரல்லர் என்பதே அதன் உட்பொருள்.

முன்னோர் உண்டது எது? சங்கச் சான்றோருள் ஒருவரேனும் மிளகாயைக் கண்டதில்லை. அவர்கள் அறிந்த உறைப்பு மிளகின் உறைப்பு. முசிறித் துறையிலிருந்து யவனர் கலங்களில் ஏறிச் சென்றதும் அதுவே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிக்கோ நாட்டவர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு உண்டது. 1492ஆம் ஆண்டிலே கொலம்பசு அக்கரையை அடைந்த பின்னரே அது பிறநாடுகளுக்குப் பரவிற்று. கீழைத் தேசங்களுக்கு அதனைக் கொணர்ந்தோர் போர்த்துக்கேயர். அவர்கள் இலங்கைக்கு வந்தது 1505இல். யாழ்ப்பாணம் அவர்கள் ஆட்சிக்குள் முற்றாகச் சென்றது 1619இல்.

வந்த பொருளுக்குத் தமிழர் மிளகு என்னும் பழம்பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றனர். சிங்களத்திலே நிகழ்ந்தது இன்னும் சுவையானது. மிளகைக் குறிக்கும் மரிசம் என்னும் வடசொல்லின் வழிவந்த 'மிரிஸ்' இன்று மிளகாயையே குறிக்கிறது; மிளகோ 'கம்மிரிஸ்' என்று அடைமொழி பெற்று ஒதுங்கி நிற்கிறது. விருந்தாளி வந்து வீட்டுக்காரரின் பெயரையே எடுத்துக்கொண்டார்!

இவ்வளவு விரைவில் அது வேரூன்றியது ஏன்? மிளகுக்கொடிக்கு மழையும் நிழலும் பற்றிப்படரக் கொழுகொம்பும் வேண்டும். மிளகாய்ச் செடிக்குக் கிணற்று நீரும் ஒரு பாத்தியும் போதும். சில மாதங்களிலே காய்த்துவிடும். வறண்ட வடபுலத்திலே ஏழையும் தன் வளவிலே உறைப்பை விளைவிக்கலாயினான். கூழிலே இடும் மரவள்ளிக்கிழங்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே என்பதை வீட்டார் அறிந்தால் மருமகனை என்ன சொல்வார்களோ!

பழைய அடுக்களை முற்றாக மறைந்துவிடவுமில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் சரக்குக்கறியிலே மிளகும் சீரகமும் மல்லியும் மஞ்சளுமே தலைமை பெறுகின்றன. பூரி செகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் மிளகாய் புகுவதில்லை.

இனி, உறைப்பை ஒரு சுவை என்கிறோம். உண்மையில் அது நோவு. சூட்டை உணர்த்தும் நரம்பின் வாயிலையே மிளகாய்ச் சத்தும் தட்டுகிறது. இதனை 1997இல் கண்டறிந்த தாவீது யூலியசு என்பார் 2021ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கு அந்த எரிவு இல்லை. ஆகவேதான் கிளி பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்கிறது. மனிதருக்கோ பழக்கம் வேண்டும். அடிக்கடி உண்ண உண்ண நரம்பு மரத்துப்போகிறது. கறித்துண்டைக் கழுவிச் சோற்றோடு பிசைந்து குழந்தைக்கு ஊட்டும் தாய் செய்வது, சிறுகச் சிறுக இப்பழக்கத்தை ஊட்டுவதேயாம். கூழை இரசிப்பவர் பிறவியிலேயே அதனை இரசித்தவரல்லர். அவருக்கு அந்தத் தாய் வாய்த்தாள், மருமகனுக்கு வாய்க்கவில்லை.

அவருக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டுவதும் பயனற்றது. மிளகாய்ச் சத்து நீரிலே கரைவதில்லை. வாயெங்கும் பரவவே செய்யும். ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தால் எரிவு தணியும்.