இதளும் பொன்னும்



கான்சாபுரத்திற்கு மேற்கே நெடுந்தொடராய் நிற்கும் மலையிலேதான் சித்தர் மலையெனப் போற்றப்பெறும் சதுரகிரி உள்ளது. பச்சிலைச் சாற்றால் செம்பைப் பொன்னாக்கினர் சித்தர் என்னும் கதை இன்றும் வாழ்கின்றது. கதை கதையாக இருக்குமட்டும் கேடில்லை. அக்கதையைக் காட்டிப் பொன் செய்து தருவதாய் உழவர் வீட்டுத் தாலியையே கவர்ந்தோடும் ஏய்ப்பர் உண்டு. ஆகலின் செய்தியை அணுவின் கரு வரைக்கும் சென்று ஆராய்தல் வேண்டும்.

மயில்துத்தம் உழவர் அறிந்த பொருள். நீலநிறங் கொண்ட அதனிடம் செம்பின் சாயல் சற்றுமில்லை. ஆயினும் அதனை நீரிற் கரைத்து ஓர் இரும்பாணியை இட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஆணியின்மேல் செம்பு சிவந்து படியும். நீலமாய்த் தோன்றியபோதும் செம்பு செம்பாகவே இருந்தது! தீயும் காடியும் பச்சிலையும் அணுவின் புறத்தேயுள்ள மின்னணுக்களையே தொடவல்லன. இன்ன தனிமம் என உறுதிசெய்வதோ நடுவிலுள்ள கரு. அதில் நேர்மின்னிகள், அஃதாவது புரோட்டான்கள், எத்தனை என்பதே கேள்வி. ஒன்றாயின் நீரகம், 29 ஆயின் செம்பு, 79 ஆயின் பொன், 80 ஆயின் இதள், மக்கள் வழக்கில் பாதரசம். முன்னையோர் எடையை வைத்துத் தனிமங்களை வரிசைப்படுத்தி இடர்ப்பட்டனர். எடையன்று, கருவின் மின்னேற்ற எண்ணே அடையாளம் என 1913-இல் ஊடுகதிர்களை அளந்து காட்டினார் மோசுலி என்னும் ஆங்கில இளைஞர். 1915-இல், 27 அகவையில், கலிப்போலிப் போர்க்களத்தில் அவர் மாண்டது அறிவுலகிற்குப் பேரிழப்பு.

இதளுக்கும் பொன்னுக்கும் இடையே ஒரே நேர்மின்னிதான்! 1941-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் விரைந்தோடும் நொதுமிகளை, அஃதாவது நியூட்ரான்களை, இதளின்மேல் மோதச்செய்தனர். நொதுமி புகுந்து நேர்மின்னியை வெளியேற்ற, 80 என்பது 79 ஆயிற்று. பொன் கிடைத்தது, ஆனால் நிலையாப் பொன். சில நாள்களிலேயே கதிரை உமிழ்ந்து சிதைவது. அதனைக் கொண்டு ஒரு மூக்குத்திதானும் செய்தார் இலர்.

இயற்கையோ கூலி கேளாமல் இத்தொழிலைச் செய்கின்றது. கரியணுவின் நேர்மின்னிகள் 6. நொதுமிகள் ஆறாயினும் எட்டாயினும் அது கரியே, எடைதான் வேறு. எட்டுடைய கரியணுவில் ஒருநாள் ஒரு நொதுமி நேர்மின்னியாய் மாறும். மாறவே, ஆறு ஏழாகும், கரி நைட்ரசனாகும். இவ்வாறு பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் செல்லும். உயிருள்ள மரம் காற்றிலிருந்து இக்கரியைப் புதிது புதிதாய் ஏற்றுக்கொண்டே இருக்கும். பட்டபின் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும். எஞ்சியதை அளந்தால் பட்ட காலம் புலப்படும். கீழடி அகழ்வில் 353 செண்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த கரிப்பொருளை இவ்வகையில் அளந்தே, அதன் காலம் கி.மு. 580 எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது.