வெட்டும் சுடரும் ஒட்டும் சுடரும்



கொல்கத்தா மாநகரின் கிழக்கே, இராஜர்ஹாட் என்ற ஊர்ப்புறத்தில் எழுந்த நியூ டவுன், வயல்களின் மீது வளர்ந்த நகரம். இதனை உருவாக்குவதற்கென்று மேற்கு வங்க அரசு 1999-ஆம் ஆண்டில் ஹிட்கோ என்னும் நிறுவனத்தை அமைத்தது. அன்று தொட்டு இங்கே கட்டுமானம் ஓய்ந்ததில்லை. அடுக்கு மாளிகைகள், மேம்பாலங்கள், மெட்ரோ ரயில் பாதையின் தூண்கள் என எங்கு நோக்கினும் எஃகே. அவற்றின் அடியில், கறுப்புக் கண்ணாடி அணிந்த தொழிலாளி ஒருவர் குனிந்து, நீலச் சுடரால் இரும்புத் தகட்டை அறுத்துக்கொண்டிருப்பதை வழிப்போக்கர் காணலாம். அவர் அருகே இரண்டு உருளைகள் நிற்கும். கறுப்பு உருளையில் இருப்பது பிராணவாயு. மற்றதில் இருப்பது என்ன? அவரைக் கேட்டால், "கேஸ்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. மொழிபெயர்ப்பு என் தொழில். ஆகையால் சொல்லிலிருந்து தொடங்குவதை நேயர்கள் பொறுத்தருள்க.

முதலாவது பொருள் அசிட்டிலீன். கார்பைடு கல்லின் மீது தண்ணீர் பட்டவுடன் நாற்றத்தோடு கிளம்புகிறதே, அந்த வாயுதான். பிராணவாயுவோடு கலந்து எரிந்தால் இதன் சுடர் ஏறத்தாழ 3,100 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தரும். பிரெஞ்சு வேதியியலறிஞர் லெ ஷாட்டெலியே 1895-இல் இதன் பெருவெப்பத்தை எடுத்துக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் பட்டறைக்கு உகந்த ஊதுகுழல் அந்நாட்டிலேயே உருவாயிற்று. நம் நாட்டில் இத்தொழிலுக்குக் கொல்கத்தாவே ஒரு தாய்வீடு எனலாம். இந்தியன் ஆக்ஸிஜன் அண்டு அசிட்டிலீன் என்ற கம்பெனி 1935-இல் இந்நகரில்தான் பதிவாயிற்று.

ஆயினும் அசிட்டிலீன் செல்லமாக வளர்ந்த பிள்ளையைப் போன்றது. செலவும் அதிகம், கோபமும் அதிகம். சுண்ணாம்பையும் கல்கரியையும் மின் உலையில் உருக்கிக் கார்பைடு செய்ய வேண்டும். அதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். இந்த வாயுவைத் தனியாக அழுத்தி அடைத்தால் தானாகவே வெடிக்கும். ஆகவே, உருளைக்குள் நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் அசிட்டோன் திரவத்தை ஊறவைத்து, அதனுள் கரைத்தே வைக்கிறார்கள். உருளையோ பெரும் பாரம். உள்ளே உள்ள வாயுவோ சொற்பம்.

இரண்டாவது பொருள் நம் அடுக்களை அறிந்த திரவ பெட்ரோலிய வாயு. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. விலை மலிவு; கிடைப்பதும் எளிது. குஜராத்தின் அலாங் கடற்கரையில் பழைய கப்பல்களைத் துண்டு போடுவோர் பெரிதும் நம்பியிருப்பது இதைத்தான். எண்ணெய்க் கம்பெனிகள் இதனுடன் வேறு பொருள் சேர்த்து, உலோகம் வெட்டுவதற்கென்றே தனி வாயுக்களை விற்கின்றன. இந்தியன் ஆயிலின் 'நானோகட்'டும் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் 'ரேஸர்' வாயுவும் அத்தகையன.

இதன் சுடர் வெப்பம் ஏறக்குறைய 2,800 டிகிரிதான். குறைந்த வெப்பமுள்ள சுடர் கனத்த தகட்டை எவ்வாறு வெட்டுகிறது என்று கேட்கலாம். உண்மையில் இரும்பை வெட்டுவது சுடர் அன்று. சுடரின் வேலை இரும்பைச் செந்தணலாக, சுமார் 900 டிகிரி வரை, காய்ச்சுவது மட்டுமே. அதன்பின் தொழிலாளி நெம்புகோலை அழுத்தியவுடன் தூய பிராணவாயு கற்றையாகப் பாய்கிறது. இரும்பு தானே தீப்பற்றி எரிகிறது. கீழே பொறியாய்ச் சிதறுவது எரிந்த இரும்பின் கசடு. வெட்டும்போது இரும்பே விறகு! அதைப் பற்றவைக்கும் தீக்குச்சி எந்த வாயுவாயிருந்தால் என்ன?

ஒட்டும் வேலையோ அப்படியன்று. அங்கே எஃகு எரியக்கூடாது. 1,500 டிகிரி அளவில் உருகி, ஒன்றோடொன்று கலந்து, தூய்மையாக உறைய வேண்டும். அசிட்டிலீன் சுடரின் உட்கூம்பு மிகுந்த வெப்பத்தை ஒரே புள்ளியில் குவிப்பதோடு, உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் போர்த்தியும் காக்கிறது. திரவ பெட்ரோலிய வாயுவின் சுடரோ வெப்பத்தைப் பரப்பிவிடுகிறது. போதிய வெப்பம் பெறப் பிராணவாயுவைக் கூட்டினால், அது உருகிய எஃகையே அரித்துவிடும். இணைப்பு பார்வைக்கு நன்றாயிருக்கும், உள்ளே புரையோடியிருக்கும். மாடிப்படிக் கைப்பிடியில் குழந்தை சாயும் நாளில்தான் அது வெளிப்படும். பித்தளை கொண்டு பற்றுவைப்பதற்கும், குளிர்பதனப் பெட்டியின் செம்புக் குழாய்களை இணைப்பதற்கும் இவ்வாயு போதும். எஃகை உருக்கி ஒட்டுவதற்குத் தகாது. அதற்கு அசிட்டிலீன் வேண்டும். அல்லது மின்வில்லை நாட வேண்டும்.

மலிவு என்ற கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அசிட்டிலீன் ஒரு பங்குக்கு, உருளையிலிருந்து ஒரு பங்குக்குச் சற்றே மேற்பட்ட பிராணவாயு போதும். புரொப்பேனுக்கோ சுமார் நான்கு பங்கு வேண்டும். எனவே ஒரு உருளையில் மிச்சமாவதன் ஒரு பகுதி மற்ற உருளையில் செலவாகிறது. தகட்டைத் துளைத்துத் தொடங்கவும் நேரம் கூடும். நீண்ட வெட்டுகளுக்கு இலாபம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு துண்டுகள் வெட்டுவோர் கணக்குப் பார்த்தே மாற வேண்டும்.

வாயுவை மாற்றுவோர் ஊதுகுழலின் முனையையும் மாற்றியாக வேண்டும். அசிட்டிலீன் முனையில் இவ்வாயு நிலைத்து எரியாது. ரப்பர்க் குழாயும் இதற்கென்றே செய்ததாயிருத்தல் வேண்டும். சாதாரண ரப்பரை இது நாளடைவில் இளக்கிவிடும். சுடர் குழாய்க்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் அடைப்பானை எந்த வாயுவுக்கும் விட்டுவிடலாகாது.

யாவற்றினும் கவனிக்க வேண்டியது கனம். அசிட்டிலீன் காற்றைவிடச் சிறிது இலேசானது. திரவ பெட்ரோலிய வாயுவோ காற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமுள்ளது. கசிந்தால் மேலெழாது, தண்ணீரைப் போலப் பள்ளத்தை நாடும். அடித்தளக் குழிகளும் நிலத்தடி வாகன நிறுத்தங்களும் நிறைந்த நியூ டவுன் போன்ற இடத்தில் இது விளையாட்டன்று. காலையில் மேல்தளத்தில் கசிந்தது, மாலையில் கீழ்த்தளத்தில் ஒரு பொறிக்காகக் காத்திருக்கக்கூடும். மணத்துக்கென்று சேர்த்த மெர்காப்டன் மூக்குக்கு எட்டினால் நல்லது. சளி பிடித்தவருக்கு அதுவும் எட்டாது. சோப்பு நீரைத் தடவிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

வீட்டுக்கென அளிக்கும் 14.2 கிலோ சிவப்பு உருளையைப் பட்டறைக்குக் கொண்டுவருவது 2000-ஆம் ஆண்டின் ஆணைப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, அடுப்புக்கென்று செய்த சீராக்கி ஊதுகுழலுக்கு வேண்டிய அழுத்தத்தைத் தராது. அதைக் கழற்றிவிட்டு நேரே பொருத்துவோர் உயிரோடு விளையாடுகிறார்கள்.

பல மொழி பேசுவோர் சேர்ந்து உழைக்கும் களங்களில் எச்சரிக்கைப் பலகைகள் இரண்டு மூன்று மொழிகளில் தொங்குகின்றன. அவற்றில் 'எரிவாயு' என்று பொதுவாக எழுதுவது இலக்கணப்படி பிழையன்று. ஆனால் 'அசிட்டிலீன்', 'பெட்ரோலிய வாயு' என்று பெயர் சொல்லி எழுதி, எந்த முனை எதற்கு, எந்த வேலை எதற்கு என்று அதன் கீழேயே குறித்தால், படிப்பவர் கை சரியான உருளையை நாடும்.